நோட்டு செல்லாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

"ஐந்நூறு ரூபாய் நோட்டும் போகப் போகிறதாமே, வாஸ்தவமா?"

2025-ம் ஆண்டு மத்தியில் தாராவியிலும் மாதுங்காவிலும் இந்தக் கேள்வி அடிபட்டது. மும்பையில் மட்டுமல்ல, தேசம் பூராவும் இதே பேச்சுதான். செல்போன் மூலம் பரவிய அந்தச் செய்தியில் காலக்கெடு கூடக் குறிப்பிட்டிருந்தார்கள். 2026 மார்ச் மாதத்தோடு ரூ.500 நோட்டு நின்றுவிடும் என்றார்கள். மத்திய சர்க்கார் அதை மறுத்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டிலும், அப்படி ஓர் உத்தேசம் இல்லை என்று நிதி இலாகா பதில் கூறியது.

வதந்திக்கு ஒரு சின்னப் பிடிமானம் இருந்தது. 2025 ஏப்ரல் 28-ந் தேதி ரிசர்வ் பாங்க் மற்ற பாங்குகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஜனங்கள் அதிகம் புழங்கும் ரூ.100, ரூ.200 நோட்டுகள் ஏ.டி.எம். யந்திரங்களில் தட்டின்றிக் கிடைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 30-க்குள் நூற்றுக்கு 75 யந்திரங்களிலும், 2026 மார்ச் 31-க்குள் நூற்றுக்கு 90 யந்திரங்களிலும் ஒரு பெட்டியிலாவது இந்த நோட்டுகளை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ரூ.500 நோட்டை நிறுத்துவது பற்றி அதில் எதுவும் இல்லை. சில்லறை கிடைப்பதற்காகச் செய்த ஏற்பாடு, வாய்க்கு வாய் மாறி, நோட்டை ஒழிக்கும் ஏற்பாடாக வந்து நின்றது.

இதை நம்பியவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி டெலிவிஷனில் பேசினார். அன்று நள்ளிரவோடு ரூ.500, ரூ.1000 நோட்டுகள் செல்லாதவையாயின. அன்று சூடு கண்டவர்கள்தான் இன்றும் எந்த வதந்தியைக் கேட்டாலும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு அடியில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. நம் கையில் இருக்கும் நோட்டைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? அதை எந்த முறையில் சொல்ல வேண்டும்? இதற்கு 2023-ல் சுப்ரீம் கோர்ட் விடை சொல்லிவிட்டது. ஆனால் விடை சொன்ன ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். அவர் எதில் மாறுபட்டார் என்பது, மாதச் சம்பளத்தையும் தினக்கூலியையும் நம்பி வெளி மாநிலத்தில் காலம் தள்ளும் நமக்கு மிகவும் சம்பந்தப்பட்ட விஷயம்.

நோட்டில் இருக்கும் வாக்குறுதி

முதலில் நோட்டு என்பது என்ன என்று பார்ப்போம். பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் படித்தால், அதைக் கொண்டு வருபவருக்குப் பத்து ரூபாய் தருவதாக ரிசர்வ் பாங்க் கவர்னர் கையெழுத்திட்டு வாக்களித்திருப்பது தெரியும். அந்த வாக்குக்கு மத்திய சர்க்கார் ஜாமீன். ஆக, நம் கையில் உள்ள ஒவ்வொரு நோட்டும் ரிசர்வ் பாங்க் நமக்குப் பட்ட கடன். அந்தப் பாங்கின் கணக்குப் புத்தகத்திலும் அது கடன் பட்டியலில்தான் எழுதப்படுகிறது. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் விதிவிலக்கு. அதை வெளியிடுவது மத்திய சர்க்கார். கையெழுத்திடுபவர் நிதி இலாகா காரியதரிசி. நாணயங்களும் சர்க்காருடையவையே.

1934-ம் ஆண்டு ரிசர்வ் பாங்க் சட்டத்தின் 22-வது பிரிவு, நோட்டு வெளியிடும் ஏகபோக உரிமையை அந்தப் பாங்குக்குக் கொடுக்கிறது. 26-வது பிரிவின் முதல் பகுதி, அந்த நோட்டு இந்தியாவில் எந்த இடத்திலும் சட்டப்படி செல்லும் என்கிறது. சட்டப்படி செல்லும் என்றால், கொடுக்க வேண்டிய பாக்கிக்கு அந்த நோட்டைக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று அர்த்தம்.

சட்டம் இப்படிச் சொன்னாலும், வழக்கில் அது நடக்க ஜனங்களின் நம்பிக்கையும் வேண்டும். பத்து ரூபாய் நாணயமே இதற்கு அத்தாட்சி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் அதைக் கடைக்காரர்கள் வாங்க மறுத்த கதை ஊருக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். 14 விதமான பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் பாங்க் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் செல்லும் என்ற பணத்தைச் சந்தை தள்ளிவைத்தது. பணத்தின் மீதுள்ள நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மாநில சர்க்கார்களுக்கு இதில் பங்கு கிடையாது. அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 36-வது இனம் நாணயம், செலாவணி, அன்னியச் செலாவணி எல்லாவற்றையும் மத்திய சர்க்காரிடம் ஒப்படைத்திருக்கிறது. முன்பு அப்படி இல்லை. திருவாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தச் சக்கரமும் பணமும் இருந்தன. கன்னியாகுமரிப் பக்கத்துப் பெரியவர்கள் சக்கரக் கணக்கில் பேசியது நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஐதராபாத் நிஜாமின் ரூபாய் தனியாக ஓடியது. அதில் ஏழு கொடுத்தால் ஆறு இந்திய ரூபாய். சமஸ்தானங்கள் இணைந்த பிறகு இவை மறைந்து, தேசம் முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. நெல்லையில் வாங்கிய நோட்டு மும்பையில் செல்வது அதனால்தான். இந்த ஒற்றுமையின் மறுபக்கம், டில்லியில் ஒரு கையெழுத்து விழுந்தால் எல்லா ஊரிலும் ஒரே இரவில் நோட்டு செல்லாமல் போகும் என்பது.

இதற்கு முன்பு இரண்டு தடவை

நோட்டைச் செல்லாததாக்குவது 2016-ல் புதிதாக வந்ததல்ல. 1946 ஜனவரி 12-ந் தேதி, பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், ரூ.500, ரூ.1000, ரூ.10,000 நோட்டுகள் அவசரச் சட்டத்தின் மூலம் ரத்தாயின. யுத்த காலத்தில் கள்ள மார்க்கெட்டில் சேர்ந்த பணத்தைப் பிடிப்பது நோக்கம். 1954-ல் பெரிய நோட்டுகள் மறுபடியும் வந்தன.

1978 ஜனவரி 16-ந் தேதி மொரார்ஜி தேசாய் தலைமையில் இருந்த ஜனதா சர்க்கார் ரூ.1000, ரூ.5000, ரூ.10,000 நோட்டுகளை ரத்து செய்தது. அதுவும் அவசரச் சட்டம்தான். அதே ஆண்டு மார்ச்சில் பார்லிமெண்ட் அதை முறையான சட்டமாக நிறைவேற்றியது. அப்போது ரிசர்வ் பாங்க் கவர்னராக இருந்த ஐ.ஜி.பட்டேலுக்கு இந்த யோசனையில் உற்சாகம் இல்லை. கறுப்புப் பணக்காரர்கள் பணத்தை நோட்டாகவே கட்டி வைத்திருப்பதில்லை என்பது அவர் அபிப்பிராயம். அதை நிதி மந்திரி எச்.எம்.பட்டேலிடம் சொன்னதாகப் பின்னாளில் எழுதியும் வைத்தார்.

1978-ல் ரத்தான நோட்டுகளின் மொத்த மதிப்பு சுமார் ரூ.146 கோடி. புழக்கத்தில் இருந்த மொத்த நோட்டுகளில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்டாத காலம் அது. ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்க்காதவர்களே அதிகம். ஆகவே அந்த உத்தரவு மில் தொழிலாளியின் அடுப்பைத் தொடவில்லை.

2016-ல் நிலைமையே வேறு. ரூ.500 என்பது ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி. ரத்தான இரண்டு வகை நோட்டுகளும் சேர்ந்து சுமார் ரூ.15.4 லட்சம் கோடி. புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் அது நூற்றுக்கு 86 பங்கு.

24 மணி நேரத்தில் நடந்தது

முன்பு இரண்டு தடவையும் சட்டம் செய்து முடித்த காரியத்தை, 2016-ல் கெஜட் அறிவிப்பு ஒன்றின் மூலம் செய்தார்கள். அதற்குக் காட்டிய ஆதாரம் ரிசர்வ் பாங்க் சட்டம் 26-வது பிரிவின் இரண்டாம் பகுதி. ரிசர்வ் பாங்கின் மத்திய போர்டு சிபாரிசு செய்தால், எந்த மதிப்புள்ள நோட்டிலும் எந்த வரிசையையும் குறிப்பிட்ட தேதியிலிருந்து செல்லாது என்று மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கலாம் என்பது அந்தப் பகுதியின் பொருள்.

நடந்த வரிசையைக் கவனியுங்கள். நவம்பர் 7-ந் தேதி மத்திய சர்க்கார் ரிசர்வ் பாங்குக்கு யோசனையைக் கடிதமாக அனுப்பியது. மறுநாள் 8-ந் தேதி மாலை 5-30 மணிக்கு டில்லியில் பாங்கின் மத்திய போர்டு கூடியது. சிபாரிசு செய்தது. மந்திரி சபை ஏற்றது. இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி அறிவித்தார்.

அந்தப் போர்டுக் கூட்டத்தின் குறிப்புகள் பிற்பாடு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், வெளியே வந்தன. கறுப்புப் பணத்தில் பெரும் பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலமாகவும் கட்டிடமாகவும் இருக்கிறது என்று போர்டு குறித்திருந்தது. கள்ள நோட்டு சுமார் ரூ.400 கோடி என்பது கவலைக்குரியதே என்றாலும், மொத்தப் புழக்கத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகை அல்ல என்றும் எழுதியிருந்தது. அந்த ஆண்டின் தேச உற்பத்திக்குப் பாதகம் வரும் என்றும் சொல்லியிருந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு, யோசனைக்குச் சம்மதமும் தெரிவித்திருந்தது.

அதற்கு முந்திய கவர்னர் ரகுராம் ராஜன் 2016 செப்டம்பரில் பதவியிலிருந்து விலகியிருந்தார். பிப்ரவரியில் தன்னிடம் கேட்டபோது, நீண்ட காலப் பலன் ஏதேனும் இருந்தாலும் உடனடிச் சேதம் அதைவிட அதிகம் என்று வாய்மொழியாகச் சொன்னதாக 2017-ல் எழுதினார்.

2018-ல் வந்த ரிசர்வ் பாங்கின் வருடாந்தர அறிக்கை கணக்கை முடித்தது. ரத்தான ரூ.15.41 லட்சம் கோடியில் ரூ.15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது. நூற்றுக்கு 99.3 பங்கு. திரும்பி வராமல் ஒழியும் என்று பலர் எதிர்பார்த்த கறுப்புப் பணம், நோட்டு ரூபத்தில் அநேகமாக இல்லை. ரொக்கப் புழக்கமும் குறையவில்லை. 2022-ல் அது ரூ.30 லட்சம் கோடியைத் தாண்டியது.

கியூவில் நின்றவர் யார்?

ஆரம்பத்தில் அடையாளச் சீட்டைக் காட்டி ரூ.4000 வரை மாற்றலாம் என்றார்கள். பிறகு ரூ.4500 ஆயிற்று. அடுத்து ரூ.2000 ஆகக் குறைந்தது. நவம்பர் 25 முதல் கவுண்டரில் மாற்றுவதே நின்றுபோனது. அதன் பின் பாங்கில் கணக்கு வைத்திருந்தால்தான் வழி. மாற்றியவர் விரலில் தேர்தல் மை வைத்தார்கள். புதிய நோட்டுகளின் அளவு வேறாக இருந்ததால் ஏ.டி.எம். யந்திரங்களைத் திருத்த வேண்டியிருந்தது; அதுவரை பல யந்திரங்கள் சும்மா நின்றன.

ஆபீஸில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்குச் சம்பளம் பாங்க் கணக்கில் விழுந்தது. எடுக்க முடியாத கஷ்டம்தான். பணம் போய்விடும் என்ற பயம் இல்லை. கூலித் தொழிலாளியின் நிலை அப்படியல்ல. பழைய நோட்டில் கூலி வாங்கினால் செல்லாது. புதிய நோட்டில் கொடுக்க மேஸ்திரியிடம் பணம் இல்லை. பாங்கில் நின்றால் அன்றைய வேலை போயிற்று. வேலைக்குப் போனால் நோட்டு மாறவில்லை. ஊரில் கணக்கு இருந்தும் இங்கே கணக்கு இல்லாதவர்கள், அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்து வைத்த பெண்கள், காலனியில் சீட்டுக் கட்டியவர்கள் என்று பலர் இந்தச் சங்கடத்தில் இருந்தார்கள். அது கறுப்புப் பணம் அல்ல. கணக்கில் ஏறாத உழைப்பு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் மறக்கக் கூடாதது. டிசம்பர் 30-க்குள் மாற்ற முடியாதவர்கள் 2017 மார்ச் 31 வரை ரிசர்வ் பாங்க் ஆபீஸில் விளக்கம் எழுதிக் கொடுத்து மாற்றலாம் என்று நவம்பர் 8-ந் தேதி பேச்சிலேயே சொல்லப்பட்டது. டிசம்பர் 30-ந் தேதி வந்த அவசரச் சட்டத்தின்படி, அந்தச் சலுகை அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. உள்நாட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கும், இறந்துபோனவரின் பெட்டியில் பிறகு நோட்டைக் கண்டெடுத்த விதவைக்கும் வழி இல்லாமல் போயிற்று. அந்த அவசரச் சட்டம் 2017-ல் பார்லிமெண்டில் சட்டமாயிற்று. ரத்தான நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம் என்றும், அபராதம் ரூ.10,000 அல்லது நோட்டுத் தொகையின் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

நால்வர் சொன்னது

இந்த விவகாரம் 58 மனுக்களாக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2023 ஜனவரி 2-ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அப்துல் நசீர், கவாய், போபண்ணா, ராமசுப்பிரமணியன் ஆகிய நால்வரும் சர்க்காரின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கவாய்.

சட்டத்தில் 'எந்த வரிசையும்' என்று இருப்பதை 'எல்லா வரிசைகளும்' என்றும் எடுத்துக் கொள்ளலாம் என்றார்கள். முந்திய இரண்டு தடவை சட்டம் செய்தார்கள் என்பதனாலேயே இந்தத் தடவையும் சட்டம்தான் செய்ய வேண்டும் என்று ஆகாது. சர்க்காரும் ரிசர்வ் பாங்கும் ஆறு மாதமாகக் கலந்து பேசியே இதைச் செய்திருக்கிறார்கள். கறுப்புப் பணம், கள்ள நோட்டு, பயங்கரவாதிகளுக்குப் போகும் பணம் ஆகிய மூன்றையும் தடுப்பது நியாயமான நோக்கம். நோக்கம் நிறைவேறியதா என்று பார்ப்பது கோர்ட்டின் வேலை அல்ல. நோட்டை மாற்றக் கொடுத்த 52 நாள் அவகாசம் போதாது என்று சொல்ல முடியாது. 1978-ல் கொடுத்தது சில தினங்களே. இவை நால்வரின் முடிவுகள். இன்று நாட்டின் சட்டம் இதுவே.

ஒருவர் சொன்னது

ஐந்தாவது நீதிபதி நாகரத்னா மாறுபட்டார். நோட்டைச் செல்லாததாக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு இல்லை என்று அவர் சொல்லவில்லை. சர்க்காரின் எண்ணத்தில் தவறு காணவும் இல்லை. அவர் கேட்டது வழியைப் பற்றி.

26-வது பிரிவின்படி யோசனை ரிசர்வ் பாங்கிலிருந்து புறப்பட வேண்டும் என்றார் அவர். பாங்க் தானாக யோசித்துச் சிபாரிசு செய்தால், அதுவும் குறிப்பிட்ட ஒரு வரிசை நோட்டைப் பற்றியது என்றால், கெஜட் அறிவிப்பு போதும். இங்கே யோசனை சர்க்காரிடமிருந்து புறப்பட்டது. பாங்கிடம் கேட்டது அபிப்பிராயம். அதைச் சிபாரிசு என்று சொல்ல முடியாது. பாங்கின் தஸ்தாவேஜுகளிலேயே 'சர்க்கார் விரும்பியபடி' என்ற தோரணையில் எழுதியிருக்கிறது. முழு விஷயமும் 24 மணி நேரத்தில் முடிந்திருக்கிறது. பாங்க் தன் புத்தியைச் சுதந்திரமாகச் செலுத்தியதற்கு இடமே இல்லை. ஆகவே சர்க்கார் தானாகச் செய்ய விரும்பினால் பார்லிமெண்ட் சட்டம் வேண்டும். ரகசியம் அவசியம் என்றால் அவசரச் சட்டம் இருக்கிறது. 2016 அறிவிப்பு சட்டவிரோதம் என்றார் அவர். ஆனால் நடந்ததைத் திருப்பி நடத்த முடியாது என்பதால், இனிமேல் நடப்பவைக்கே அந்தக் கருத்து பொருந்தும் என்று முடித்தார்.

எந்த வாசல் வழியாக?

நால்வர் தீர்ப்புக்குத் தலை வணங்க வேண்டியதே. ஆனாலும் எதிர்காலத்தை உத்தேசித்துப் பார்த்தால், அந்த ஒருவர் சொன்னதில்தான் சாமான்ய மனிதனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

சர்க்கார் தரப்பில் சொல்லும் பெரிய காரணம் ரகசியம். முன்கூட்டியே பார்லிமெண்டில் விவாதித்தால் பதுக்கியவன் தப்பிவிடுவான் என்பது நியாயமான வாதம். ஆனால் அதற்கு விடை 1978-லேயே இருக்கிறது. அவசரச் சட்டமும் ஓர் இரவில் வரக் கூடியதுதான். வித்தியாசம் மறுநாளில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 123-வது ஷரத்துப்படி அவசரச் சட்டத்தைப் பார்லிமெண்டின் முன் வைத்தே தீர வேண்டும். சபை கூடிய ஆறு வாரத்துக்குள் நிறைவேறாவிட்டால் அது காலாவதியாகிவிடும். கெஜட் அறிவிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

2016-ல் குளிர்காலக் கூட்டத் தொடர் நவம்பர் 16-ந் தேதியே ஆரம்பமாயிற்று. அறிவிப்பு வந்து எட்டாவது நாள். அன்று சர்க்காரின் கையில் அவசரச் சட்டம் இருந்திருந்தால், அதைச் சட்டமாக்கும் மசோதாவைக் கொண்டு வந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கணக்கு இல்லாதவன் எங்கே போவான், ஆஸ்பத்திரியில் இருப்பவனுக்கு என்ன வழி, கூலிக்காரனுக்கு மாற்றும் வரம்பு ஏன் குறைகிறது என்ற கேள்விகள் திருத்தங்களாக வந்திருக்கும். உண்மையில் அந்தக் கூட்டத் தொடரின் பெரும் பகுதி கூச்சலிலும் ஒத்திவைப்பிலும் போயிற்று. அதற்கு எதிர்க்கட்சிகளுக்கும் பொறுப்பு உண்டு. பார்லிமெண்ட் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதற்கு ஓர் இடமாவது இருக்கும் என்கிறோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நோட்டு சட்டப்படி செல்லாது என்பது ஒன்று; நோட்டில் எழுதியிருக்கும் கடன் தீர்ந்தது என்பது மற்றொன்று. முதலாவதை கெஜட் மூலம் செய்தார்கள். இரண்டாவதைச் செய்வதற்கு, ரிசர்வ் பாங்கின் பொறுப்பை நீக்குவதற்கு, கடைசியில் அவசரச் சட்டமும் பார்லிமெண்ட் சட்டமும் தேவைப்பட்டன. முடிவில் போக வேண்டியிருந்த வாசலுக்கு முதலிலேயே போயிருக்கலாமே என்பதுதான் கேள்வி.

2016-ல் நோட்டை மாற்ற முடியாமல் போன தனி மனிதர்களின் மனுக்களை 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. சர்க்காரிடமே முறையிடும்படி சொல்லி அனுப்பியது. சட்டத்தில் இடம் விட்டிருந்தால் இவர்கள் கோர்ட் படி ஏறியிருக்க வேண்டியதில்லை.

ரூ.2000 நோட்டின் கதை

சாவகாசமாகவும் காரியத்தைச் செய்யலாம் என்பதற்கு ரூ.2000 நோட்டே சாட்சி. 2016 நவம்பரில் பிறந்த இந்த நோட்டு 2018-19க்குப் பிறகு அச்சிடப்படவில்லை. 2023 மே 19-ந் தேதி ரிசர்வ் பாங்க் அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்போது வெளியே இருந்தது ரூ.3.56 லட்சம் கோடி. ஒரு தடவைக்கு ரூ.20,000 வரை மாற்றலாம் என்று செப்டம்பர் 30 வரை அவகாசம் கொடுத்து, பிறகு அக்டோபர் 7 வரை நீட்டித்தார்கள். அதற்கு அப்புறமும் மும்பை, பேலாப்பூர், சென்னை, பெங்களூர் உள்பட 19 ஊர்களில் உள்ள ரிசர்வ் பாங்க் ஆபீஸ்களில் கொடுக்கவும், தபால் மூலம் அனுப்பிக் கணக்கில் சேர்க்கவும் வழி வைத்தார்கள். நோட்டு சட்டப்படி செல்லும் என்ற அந்தஸ்தை நீக்கவே இல்லை. நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. ஒரு கியூவிலும் யாரும் மயங்கி விழவில்லை.

ரூ.2000 நோட்டு பெரும்பாலும் ஏழைகளிடம் இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்தான். என்றாலும், புழக்கத்திலிருந்து எடுப்பதற்கும் செல்லாது என்று அறிவிப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த அனுபவம் காட்டுகிறது.

நாம் தெரிந்து கொள்ள வேண்டியது

வதந்தி வரும்போது மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அச்சடிப்பதை நிறுத்தினால் நோட்டு செல்லும். புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றாலும் நோட்டு செல்லும். நிதானமாக மாற்றிக் கொள்ளலாம். செல்லாது என்று கெஜட்டில் அறிவித்தால் அல்லது சட்டம் வந்தால்தான் ஆபத்து. இந்த மூன்றாவதை செல்போனில் யாரோ அனுப்பும் செய்தி செய்துவிட முடியாது. அந்தப் பயத்தில் ஐந்நூறு ரூபாயை நானூற்றைம்பதுக்கு மாற்றித் தருகிறேன் என்று எவனாவது வந்தால், அவன் உங்கள் பயத்தை விலைக்கு வாங்குகிறான் என்று தெரிந்து கொள்ளுங்கள்.

அதோடு, முடிந்தவர்கள் இருக்கும் ஊரிலேயே ஒரு பாங்க் கணக்கு வைத்துக் கொள்வது நல்லது. வீட்டுப் பெண்களின் பெயரில் தனிக் கணக்கு இருப்பது இன்னும் நல்லது. 2016 கற்றுக் கொடுத்த பாடம் இது.

நோட்டின் உருவம் மாறிக் கொண்டு வருகிறது. 2022-ல் ரிசர்வ் பாங்க் சட்டத்தைத் திருத்தி, கண்ணுக்குத் தெரியாத டிஜிட்டல் நோட்டையும் நோட்டு என்ற சொல்லுக்குள் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி மும்பை, டில்லி, பெங்களூர், புவனேசுவரம் ஆகிய நான்கு ஊர்களில் சாமான்யர்களுக்கான டிஜிட்டல் ரூபாய் சோதனையாக வெளிவந்தது. காகித நோட்டின் மீது உள்ள அதிகாரம் இனி அதன் மீதும் இருக்கும். அதிகாரத்தின் எல்லை பெருகும்போது, அதைப் பிரயோகிக்கும் முறையும் தெளிவாக இருக்க வேண்டும்.

தேசத்தின் நாணயத்தின் மீது சர்க்காருக்கு அதிகாரம் வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அது இல்லாவிட்டால் ரூபாய்க்கு மதிப்பே இல்லை. புழக்கத்தில் பெரும் பங்கு வகிக்கும் நோட்டைச் செல்லாததாக்க வேண்டுமானால் அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்து பார்லிமெண்டின் ஒப்புதலும் கட்டாயம் என்றும், மாற்ற முடியாமல் போனவர்களின் முறையீட்டைக் கேட்க ஒரு வழி சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்றும் 26-வது பிரிவில் ஒரு திருத்தம் கொண்டு வந்தால் போதும். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. செய்ய வேண்டியது பார்லிமெண்ட். அங்கே நம் ஊர்த் தொகுதியிலிருந்து போனவரும் இருக்கிறார். இங்கே நாம் வோட்டுப் போட்டு அனுப்பியவரும் இருக்கிறார். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வரும்போது இதைப் பற்றி அவர்களிடம் கேட்கலாம்.